எட்வர்ட் லியரின் பயண ஓவிய ஏடுகளும் நம்ம வடசென்னையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று ஏதாவது ஒரு இடத்தில் கூடி உட்கார்ந்து வரைகிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது எட்வர்ட் லியர் பயணத்தில் வரைந்த தாள்களின் நகல்களை. காட்டியதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் பேசிய மாதிரியே கீழே எழுதி, நான் சொல்கிற பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

யாருண்ணா இந்த லியர்? பேரே கேள்விப்பட்டதில்லையே.

1812-இல் லண்டனில் பிறந்தவர். பெரிய குடும்பம், வீட்டில் பணக்கஷ்டம், அக்கா ஆன் கையில் வளர்ந்தார். பதினைந்து, பதினாறு வயதிலேயே படம் வரைந்து சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். இருபது வயதுக்குள் கிளிகளைப் பற்றி ஒரு பெரிய படத்தொகுப்பைக் கொண்டுவந்தார். பாடம் செய்த பறவைகளைப் பார்த்துதான் அந்தக் காலத்தில் பெரும்பாலும் வரைவார்கள். லியர் உயிருள்ள கிளிகளை எதிரில் வைத்து வரைந்தார். 1846-இல் விக்டோரியா ராணிக்கே ஓவியப் பாடம் எடுத்தார். அதே வருடம், ஐந்து வரி வேடிக்கைப் பாட்டுகளைத் தானே எழுதித் தானே படம் போட்ட புத்தகமும் வந்தது. அல்பேனியா, இத்தாலியின் தெற்குப் பகுதி, கோர்சிகா என்று போய்வந்த இடங்களைப் பற்றிப் படங்களோடு பயண நூல்களும் எழுதினார்.

பறவை ஓவியர், நிலக்காட்சி ஓவியர், குழந்தைகளின் பாட்டுக்காரர், பயண எழுத்தாளர், நாலும் ஒரே ஆள். சிறு வயதிலிருந்தே வலிப்பு நோய் இருந்தது, மூச்சுத் தொல்லையும் இருந்தது. அந்த உடம்போடுதான் இத்தனை ஊர் சுற்றினார்.

அவருக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?

வந்திருக்கிறார். வைஸ்ராய் நார்த்புரூக் அவருக்கு நண்பர். நார்த்புரூக் அழைத்ததன் பேரில் லியர் 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 61. 1875 ஜனவரி வரை ஓராண்டுக்கும் மேலாக இந்தியாவைச் சுற்றி வரைந்தார். 1874-இல் சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்தார். தஞ்சாவூர், திருச்சி எல்லாம் போனார்.

அந்த 1874-இல் நம்ம கடற்கரை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். துறைமுகம் கிடையாது, அதற்கான வேலையே 1875-க்குப் பிறகுதான். கப்பல்கள் தூரத்தில் கடலிலேயே நிற்கும். ஆளையும் சரக்கையும், பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலா படகில் அலைக்குள் ஓட்டிக்கொண்டு வந்து இறக்குவார்கள், நம்ம மீனவர்களின் முன்னோர் செய்த வேலை அது. சென்ட்ரல் ஸ்டேஷன் 1873-இல்தான் திறந்திருந்தது. ராயபுரம் ஸ்டேஷனுக்கு அப்போதே 18 வயது. இன்றைக்கு நாம் வரையப் போகிற ராயபுரம் ஸ்டேஷன், லியர் வந்தபோதும் அதே இடத்தில் நின்றிருந்தது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

அவர் வரைஞ்ச தாள்ல என்ன விசேஷம்? பாதி பாதியா நிக்குது, மேல என்னமோ கிறுக்கி வேற வச்சிருக்கார்.

அந்தக் கிறுக்கல்தான் விசேஷம். அதற்காகத்தான் இத்தனை பேர் இருக்கும்போது லியரைக் காட்டுகிறேன்.

ஒரு மலையோ கோயிலோ எதிரில் இருக்கும். பென்சிலால் விறுவிறுவென்று கோடு போடுவார். ஒரு ஓரத்தில் இடத்தின் பெயர், தேதி, எத்தனை மணி என்றுகூடக் குறிப்பார். தாளுக்கு வரிசை எண்ணும் உண்டு. பிறகு படத்துக்குள்ளேயே எழுதுவார். இந்த இடத்தில் என்ன நிறம், இங்கே பாறை, அங்கே என்ன பயிர், இந்த நிழல் எவ்வளவு அடர்த்தி என்று அந்தந்த இடத்தின் மேலேயே எழுத்து உட்கார்ந்திருக்கும். மரத்தை வரைய நேரமில்லை என்றால் ஒரு கிளையை மட்டும் கவனமாகப் போட்டுவிட்டு மிச்சத்துக்கு வெளிக்கோடு மட்டும் இழுத்துவிடுவார்.

அதாவது கோட்டால் பிடிக்க முடிந்ததைக் கோட்டால் பிடித்தார், முடியாததை எழுத்தால் பிடித்தார். ஓவியரும் எழுத்தாளரும் ஒரே தாளில் வேலை செய்கிறார்கள். படம் அழகாக வர வேண்டும் என்ற கவலையே அந்தத் தாள்களில் தெரியாது. எதிரில் இருப்பது ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்ற கவலைதான் தெரியும். நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவர் மாதிரி மலை வரைவதை அல்ல.

அப்போ அங்கேயே கலர் அடிக்க மாட்டாரா?

பெரும்பாலும் பிறகுதான். பயணம் முடிந்த பிறகோ மாலையில் ஓய்வாக இருக்கும்போதோ பென்சில் கோட்டின் மேல் மையால் திரும்ப வரைவார், எழுதிய குறிப்புகளையும் சேர்த்து. அதன் பிறகு அந்தக் குறிப்புகளைப் பார்த்து மெல்லிசாக நீர்வண்ணம் பூசுவார். சில நேரம் வரைந்து பல வருடங்கள் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாக்குவார். டார்ஜிலிங்கில் 1874-இல் எடுத்த குறிப்புகளை வைத்துத்தான் கஞ்சன்ஜங்கா மலையை இங்கிலாந்தில் இருந்தவர்களுக்குப் பெரிய ஓவியங்களாக வரைந்து கொடுத்தார். தேதியும் நிறமும் எழுதி வைத்திருந்ததால் முடிந்தது.

போன் இருக்கே. ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது, எதுக்கு இம்மாம் நேரம்?

லியர் காலத்திலும் கேமரா இருந்தது. அவர் வருவதற்கு 16 வருடம் முன்னாலேயே, 1858-இல், லின்னேயஸ் டிரைப் என்ற அரசாங்கப் புகைப்படக்காரர் மதுரைக் கோயிலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் அருமையாகப் படம் எடுத்துவிட்டார். அது தெரிந்த உலகத்தில்தான் லியர் பென்சிலோடு அலைந்தார்.

போட்டோ எடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் காசிமேட்டில் ஒரு விசைப்படகை நாற்பது நிமிடம் உட்கார்ந்து வரைந்தவருக்கு, அந்தப் படகின் முன்பக்கம் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது, கயிறு எங்கே கட்டியிருக்கிறது, எந்தப் பலகை புதிதாக மாற்றியது என்று எல்லாம் தெரிந்திருக்கும். போட்டோ எடுத்தவரின் போனில் அது எல்லாமே இருக்கும், அவருக்குத் தெரிந்திருக்காது.

எனக்கு வரையவே வராதுங்க. நேர்கோடு கூட கோணலாப் போவும்.

போகட்டும். மேலே சொன்னதைத் திரும்பப் பாருங்கள், கோட்டால் முடியாததை எழுத்தால் பிடிக்கலாம். முதல் நாள் நான் எல்லோருக்கும் சொல்வது, பத்து கோடுக்கு மேல் போடாதீர்கள், மிச்சத்தை எழுதுங்கள் என்பதுதான். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஒரு அம்மா முதல் தடவை மணிக்கூண்டை ஒரு நீளப்பெட்டி, மேலே ஒரு வட்டம் என்று மட்டும் போட்டார்கள். சுற்றி இருந்த கடைகள், போஸ்டர், புறாக்கள், பூக்காரியின் குடை நிறம் எல்லாம் எழுத்து. அன்றைக்கு வரைந்ததில் எனக்குப் பிடித்த தாள் அதுதான்.

என்னென்ன வாங்கணும்? ரொம்ப செலவாவும்னு சொல்றாங்களே.

2பி பென்சில் ஒன்று, தண்ணீர் பட்டால் கரையாத மை உள்ள கறுப்புப் பேனா ஒன்று, ஒரு நோட்டு. தாளின் கனம் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம்) இருந்தால் லேசாக வாட்டர்கலர் தாங்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கனமான தாளாக வாங்கி, அளவாக வெட்டிப் பைண்டிங் போட்டுக்கொண்டால் கடை ஸ்கெட்ச் புக்கைவிடக் குறைவான விலையில் முடியும். நோட்டே இல்லாமல் ஒரு அட்டையில் கிளிப் போட்டுத் தனித்தாள்களும் வைத்துக்கொள்ளலாம். லியரும் நிறையத் தனித்தாள்களில்தான் வரைந்தார்.

கலர் டப்பாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மடக்கு ஸ்டூலும் தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அதற்கு முன்னால் தேவை. மதியம் கடற்காற்று எழும்பும் வரை நம்ம ஊரில் புழுக்கம் அதிகம், கை வேர்வை பட்டுத் தாள் ஊறிவிடும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்ல எங்க உக்காரலாம்?

ராயபுரம் ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. கட்டடம் உங்களை அவசரப்படுத்தாது, தூண்கள் ஒரே இடைவெளியில் நிற்பதால் ஒரு தூணை அளந்துவிட்டால் மற்றவை தானாக வந்துவிடும். வெளியே தெருவோரமாக உட்கார்ந்தாலே முன்பக்கம் தெரியும்.

அடுத்து திருவொற்றியூர் கோயில். எல்லோரும் ராஜகோபுரத்தைப் பார்த்து உட்காருவார்கள். நான் விமானத்தின் பின்பக்கத்துக்குக் கூட்டிப்போவேன். ராஜேந்திர சோழன் காலத்தில் எழுந்த கருங்கல் விமானம் அது. யானை படுத்திருக்கும் போது அதன் முதுகு வளைந்திருப்பதைப் போலப் பின்புறம் வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்று சொல்கிற அமைப்பு. நேர்கோடு வராது என்பவர்களுக்கு இந்த வளைவு கை கொடுக்கும். கோயிலுக்குள் வரைவதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காசிமேட்ல படகு ஆடிக்கினே கீது, ஆளுங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டாங்க. அத்த எப்டி வரையறது?

ரெண்டு வழி இருக்கிறது. ஒன்று, மீன்பிடித் தடைக்காலத்தில் போவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வரிசையாக நிற்கும், சில கரையேறி நிற்கும், பெயிண்ட் அடிப்பார்கள், வலையைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்ப்பார்கள். வலை பின்னுகிற ஒருவர் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த 61 நாளும் அவர்களுக்கு வருமானம் குறைந்த நாட்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்.

இன்னொன்று, ஏலம் நடக்கிற நேரத்திலேயே வரைவது. அப்போது ஒரு ஆளை முழுதாக வரைய முயற்சி செய்யாதீர்கள். கூடை தூக்குகிறவரின் முதுகு மட்டும் போடுங்கள். அவர் போய்விட்டாலும் அடுத்து ஒருவர் அதே முதுகோடு வருவார், அந்த முதுகில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஐஸ் பெட்டி, தராசு, மீன்பாடி வண்டி எல்லாம் நகராது, அவற்றை முதலில் போட்டுவிட்டு ஆட்களுக்கு இடம் விட்டுவையுங்கள்.

காலையில் சூரியன் கடல் பக்கத்திலிருந்து வரும். கடலைப் பார்த்து உட்கார்ந்தால் படகுகள் கறுப்பு உருவமாக மட்டும் தெரியும். நிறம் வேண்டும் என்றால் கடலுக்கு முதுகு காட்டி உட்காருங்கள்.

தாள்ல என்னதான் எழுதறது? நான் எழுத்தாளர் கெடயாதே.

கண்ணுக்கும் காதுக்கும் மூக்கிற்கும் பட்டதை எழுதினால் போதும். எங்கள் குழுவில் ஒரு பையனின் தாளில் இருந்தது இது: "காசிமேடு. ஞாயிறு காலை 6.40. படகு உடம்பு பச்சை, தண்ணி தொடுற இடத்துல துரு. வலை நீலம், ஆள் உயரத்துக்குக் குவிச்சிருக்கு. இங்க ஐஸ் உடைக்கிற சத்தம். காத்தே இல்ல, கொடி தொங்குது." இதில் ஒரு அலங்காரமும் இல்லை. இதை வைத்துக்கொண்டு அவன் வீட்டில் உட்கார்ந்து கலர் அடித்துவிட்டான்.

"அழகான காலை", "பரபரப்பான துறைமுகம்" என்று எழுதாதீர்கள். ஒரு வருடம் கழித்துப் படித்தால் அதிலிருந்து எந்த நிறத்தையும் எடுக்க முடியாது.

எழுத்துப்பிழை வந்தா?

வரட்டும். லியர் வேண்டுமென்றே தப்பும் தவறுமாக, காதில் விழுகிற மாதிரி எழுதி விளையாடுவார். பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள்.

பொண்ணுங்க தனியா தெருவுல உக்காந்து வரைய முடியுமா? வீட்ல விட மாட்டேங்கறாங்க.

ரெண்டு ரெண்டு பேராக உட்காருகிறோம். ஒருவர் வரையும்போது மற்றவர் சுற்றிப் பார்த்துக்கொள்வார். வீட்டில் யாராவது வந்து பார்க்க விரும்பினால் அழைத்து வாருங்கள். அப்படி மகளோடு வந்த ஒரு அப்பா இப்போது தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறார்.

லியரும் தனியாகச் சுற்றியவர் அல்ல. ஜியார்ஜியோ கோகாலி என்ற கிரேக்கர் 1856-இலிருந்து தான் இறக்கும் வரை, 27 வருடம், அவரோடு இருந்தார். இந்தியாவுக்கும் கூடவே வந்தார். சாப்பாடு, சாமான், வழி எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டதால்தான் லியரால் தாளைப் பார்க்க முடிந்தது.

மீன் விக்கிற அம்மாவ வரைஞ்சேன், கோவிச்சுக்கினாங்க. என்ன பண்றது?

நோட்டை நீட்டிக் காட்டுங்கள். மறைத்து மறைத்து வரைந்தால்தான் கோபம் வரும். "உங்கள வரையட்டுமாக்கா?" என்று கேட்டால் பலர் புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக உட்காருவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அந்தத் தாளைக் கொடுத்தாலும் தப்பில்லை. வியாபார நேரத்தில் கடையை மறைத்து உட்காராதீர்கள். முடிந்தால் அவர்களிடமே மீனின் பெயரைக் கேட்டுப் படத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்வார்கள், உங்களுக்கும் வஞ்சிரமும் மாவுலாசியும் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

போலீஸ், செக்யூரிட்டி எதுனா சொல்லுவாங்களா?

சரக்குத் துறைமுகத்துக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, அதன் மதில், கேட் பக்கமும் உட்கார வேண்டாம். ரயில்வே வளாகத்துக்குள் என்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் கேளுங்கள். மற்றபடி பொது இடத்தில் யாராவது விசாரித்தால் நோட்டைக் காட்டிப் பேசுங்கள். நகரச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம், வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்ல இப்டி செஞ்சவங்க யாரும் இல்லியா? வெள்ளைக்காரரத்தான் காட்டணுமா?

இருக்கிறார்கள், அவர்களையும் காட்டுகிறேன். ஓவியர் சில்பி கோயில் கோயிலாகப் போய் எதிரில் உட்கார்ந்து வரைந்த சிற்பங்கள் வாராவாரம் விகடனில் வந்தன. கல்கியின் தொடர்கதைகளுக்குப் படம் போட்ட மணியம், அவரோடு அஜந்தாவுக்கும் இலங்கைக்கும் போய், பார்த்து வரைந்து கொண்டுவந்ததால்தான் கதைப் படங்களில் அந்தக் கட்டடமும் நகையும் ஆடையும் அவ்வளவு உறுதியாக நின்றன. மதுரையில் பிறந்து சென்னையில் வாழ்ந்த மனோகர் தேவதாஸ், கண் பார்வை வருடத்துக்கு வருடம் குறுகிக்கொண்டே போனபோதும் பேனாவால் மதுரையையும் சென்னையையும் நுணுக்கமாக வரைந்தார், எழுதவும் செய்தார். 2020-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2022-இல் மறைந்தார். கலைஞரும் எழுத்தாளரும் ஒரே ஆளாக இருப்பதற்கு அவரைவிட நெருக்கமான உதாரணம் நமக்கு இல்லை.

இவர்களின் முடிந்த வேலைகளைத்தான் நாம் அச்சில் பார்த்திருக்கிறோம். லியரிடம் முடியாத தாள்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு முடிந்த ஓவியம் பயத்தைக் கொடுக்கும். பாதித் தாள் வழியைக் காட்டும். அதனால்தான் அவரிலிருந்து தொடங்குகிறேன்.

அவர் தாள்களை நாங்க எங்க பாக்கறது?

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தாள்கள் இருக்கின்றன, இந்தியப் பயணத்தில் வரைந்தவையும் அங்கேதான். இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். போனில் பார்த்தால் எழுத்து தெரியாது, நூலகத்திலோ பிரௌசிங் சென்டரிலோ பெரிய திரையில் பாருங்கள்.

அவர் வைஸ்ராயோட விருந்தாளி. ஆள வந்தவங்க கண்ணால நம்ம ஊரப் பாத்தத நாம ஏன் படிக்கணும்?

சரியான கேள்வி. அவர் பயணத்தின் பின்னால் ஆட்சியின் வசதி இருந்தது உண்மை. படம் கேட்டுப் பணம் கொடுத்தவர்களும் அந்த வட்டத்தில்தான் இருந்தார்கள். அவருடைய இந்தியப் படங்களில் மனிதர்கள் பெரும்பாலும் தூரத்தில், சின்னதாக, மரத்துக்குக் கீழே அளவு காட்டுவதற்காக நிற்பார்கள். மசூலா படகு ஓட்டியவருக்கு அதில் பெயர் இருக்காது.

நாம் செய்ய வேண்டியது அங்கேதான் மாறுகிறது. அவருடைய முறையை எடுத்துக்கொள்ளலாம். தூரத்தை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நாம் வரைகிற வலைக்காரர் நம்ம தெருவில் இருப்பவர், அவர் பெயர் நமக்குத் தெரியும், சம்மதித்தால் தாளில் எழுதலாம். அது லியரால் முடியாதது.

எண்ணூர அழகா வரைஞ்சா, அங்க நடக்கிற அக்கிரமத்த மறைக்கிற மாதிரி ஆவாதா?

ஆகும், படத்தை மட்டும் வரைந்தால். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மாலை வெளிச்சம் படும்போது அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த தண்ணீரும் வெள்ளி மாதிரி மின்னும். வாட்டர்கலரில் அது அழகாக வந்துவிடும், பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அதனால் எண்ணூரில் மட்டும் நான் ஒரு கட்டாயம் வைத்திருக்கிறேன். எழுதாத தாளை மாட்டி வைக்க மாட்டோம். தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது, அந்த இடத்தில் கோடு போட்டு எழுத வேண்டும். கரையில் சாம்பல் எவ்வளவு உயரத்துக்குப் படிந்திருக்கிறது, எந்த வாடை, இறால் தடவுகிறவர்கள் எந்தப் பக்கம் இறங்கினார்கள், என்ன கிடைத்தது என்று அவர்களைக் கேட்டு எழுத வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கச்சா எண்ணெய் கலந்து வந்தபோது அலையாத்தி மரங்களிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கறுப்புக் கோடு விழுந்தது. அந்தக் கோடு முழங்காலுக்கு வந்ததா, இடுப்புக்கு வந்ததா என்று அளந்து குறித்தால் அந்தத் தாளின் அழகு ஒன்றும் குறையாது.

தேதியும் மணியும் நின்ற இடமும் தாளின் ஓரத்தில் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் உட்கார்ந்து இன்னொரு தாள் போடுவோம். வருகிறவர்கள் பழைய தாளையும் கையோடு எடுத்து வாருங்கள்.